ஞாயிற்றுக்கிழமை தூக்கிய கை

திமிங்கிலத்தோடு நீந்த எந்த ஊருக்குப் போகலாம் என்று கேட்டு எனக்குக் கடிதம் வராத நாள் கிடையாது. பத்தொன்பது வருஷமாகப் பதில் எழுதுகிறேன். நார்வே அழகான இடம், ஆனால் விறைத்துப் போவீர்கள் என்று எழுதுவேன். மாலத்தீவில் பெரிய புள்ளிச் சுறா உண்டு, பரம சாது, ஆனால் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்று எழுதுவேன். டோங்காவில் எங்கள் வவாவுவுக்கு வாருங்கள், ஜூலையிலிருந்து அக்டோபர் வரை தாய்த் திமிங்கிலங்கள் குட்டி போட எங்கள் தீவுகளுக்குத்தான் வருகின்றன, அவை உங்களை நின்று பார்க்கும் என்று முடிப்பேன். இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. நான் பொய் எழுதுகிறவள் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள், மொசெசே.

நாற்காலியை நகர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாயே, சந்தோஷம். சார்ஜன்ட் ஆனாலும் உன் அப்பா எனக்குத் தம்பி முறை, நான் உனக்கு அத்தை. தலைநகரில் இதைப் படிக்கப்போகிற வெள்ளைக்கார வக்கீலுக்குப் புரிய வேண்டுமே, அதனால் இதையும் எழுது: டோங்காவில் அப்பாவின் அக்கா சொன்னால் சொன்னதுதான். அவள் பாயைக் கேட்டால் பாய், பன்றியைக் கேட்டால் பன்றி, பிள்ளையைக் கேட்டால் பிள்ளை. நான் பிள்ளையைக் கேட்டேன்.

என் தம்பி சேமிசிக்கு மூன்றாவதாகப் பிறந்தவள் லூபே. எனக்குப் பிள்ளை இல்லை. குழந்தை பிறந்த ஆறாம் நாள் போய்க் கேட்டேன். அவன் பெண்டாட்டி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். நான் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து அவள் என் வீட்டுப் பெண். அவளுக்கு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேள்.

சேமிசியின் படகில்தான் ஆட்களைத் திமிங்கிலத்திடம் கூட்டிப்போகிறோம். படகு அவனுடையது, கடிதமும் கணினியும் என்னுடையவை, தண்ணீர் லூபேயுடையது. அவளைப் போல நீருக்குள் சும்மா இருக்கத் தெரிந்தவள் இந்தத் தீவுகளில் இல்லை. நான்கு பேரைப் பின்னால் வைத்துக்கொண்டு அசையாமல் மிதப்பாள். தாய் அவளைப் பார்க்கும், குட்டியை வயிற்றுக்கும் கரைக்கும் நடுவில் ஒதுக்கிவைக்கும், அப்புறம் மெல்ல விடும். அதற்கு மேல் நெருங்கமாட்டாள். திரும்ப வேண்டுமானால் ஒரு கையை நேராகத் தூக்குவாள். அசைக்காமல் தூக்கிய கை என்றால் படகே வா, ஏற்றிக்கொள் என்று அர்த்தம். வருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாள் அதைத்தான் சொல்லிக்கொடுப்பாள்.

மாலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து கடிதங்களைப் படித்துச் சிரிப்பாள்.

"அத்தை, ஒருத்தன் கேக்குறான், திமிங்கிலம் ஆளை முழுங்குமாம். என்ன எழுத?"

"பைபிள்ல ஒருத்தனை முழுங்கிச்சு, அதுவும் சொல்பேச்சு கேக்காதவனைன்னு எழுது."

"மூணாம் நாள் துப்பிடுச்சுன்னும் எழுதட்டா? பாவம், பயந்துடப் போறான்."

அந்தச் சிரிப்புக்காகவே எனக்குச் சாயங்காலம் வர வேண்டியிருந்தது. இதையும் எழுதிக்கொள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆரன் போன வருஷம் ஆகஸ்டில் வந்தான். மேற்கு ஆஸ்திரேலியாவில் அவனும் இதே வேலைதான், ஆட்களைச் சுறாவிடம் கூட்டிப்போகிறவன். ஒரு வாரத்துக்கு வந்தவன் மூன்று வாரம் இருந்தான். நல்ல பையன். தேவாலயத்துக்கு வந்தபோது, மரியாதைக்காக நாங்கள் இடுப்பில் கட்டும் பாயைத் தலைகீழாகச் சுற்றிக்கொண்டு நின்றான், பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். லூபே சிரிக்கவில்லை. குனிந்து அதைச் சரியாகக் கட்டிவிட்டாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சேமிசிக்கும் தெரிந்தது. ஆனால் அக்காவின் முன்னால் அந்த மாதிரிப் பேச்சை எடுக்க எந்தத் தம்பிக்கும் நாக்கு எழாது, உனக்கே தெரியும். நாங்கள் சிறு வயதுக்குப் பிறகு ஒரே அறையில் இருந்ததுகூட இல்லை. ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான்.

"அக்கா, நம்ம லூபே..."

"லூபேக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. எஞ்சினுக்கு எண்ணெய் வேணும்."

எண்ணெய்க்கு ஏற்பாடு செய்தேன்.

ஆரன் ஊருக்குப் போன பிறகு லூபேயின் போனைக் கேட்டேன். கொடுத்தாள். பத்திரமாக இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டைக் கேட்டேன். அதையும் கொடுத்தாள். ஒரு கணம் கையிலேயே வைத்திருந்துவிட்டுக் கொடுத்தாள், அதை நான் பெரிதுபடுத்தவில்லை. அதன் பிறகு அவன் கடிதங்கள் எனக்கு வந்தன. முதலில் அவளிடம் காட்டினேன். பிறகு காட்டவில்லை. அவள் பெயரில் நானே பதில் எழுதினேன், சுருக்கமாக, மரியாதையாக. இங்கே மழை, குட்டிகள் நன்றாக வளர்கின்றன என்று. அவையும் உண்மைதான்.

அவன் விடவில்லை. எங்கள் கடலுக்கு வா, உனக்கு வேலை இருக்கிறது என்று எழுதினான். அத்தையை விட்டு வர முடியாது என்றால் நான் அங்கே வந்துவிடுகிறேன், உங்கள் பாஷையைக் கற்றுக்கொள்கிறேன், உன் அப்பாவின் படகில் கயிறு இழுக்கிறேன் என்றும் எழுதினான். இளைஞர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். நான் அதை நம்பவில்லை.

இந்த செப்டம்பரில் அவன் எனக்கே எழுதினான். லூபேக்கு இல்லை, எனக்கு. 'அன்புள்ள அத்தை' என்று. உங்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்று லூபே போன வருஷமே சொல்லியிருக்கிறாள், அதனால் நேரில் வந்து கேட்கப்போகிறேன், சனிக்கிழமை விமானத்தில் இறங்குகிறேன், அதுவரை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று. கடைசியில் ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை யாரையும் பார்க்க முடியாது அல்லவா, அன்று காலை கரையிலிருந்தே இறங்கி நீந்த ஒரு நல்ல இடம் நீங்களே தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள்.

அதை மூன்று முறை படித்தேன். கோபம் வரவில்லை. பயம் வந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். முறைப்படி வந்து கேட்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது? இல்லை என்றால் ஊர் ஏன் என்று கேட்கும். சரி என்றால் என் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும். இரண்டு பக்கமும் அடைத்த வீட்டுக்குள் இருப்பதுபோல நாலு நாள் நடந்தேன். ஐந்தாம் நாள், இதுவும் வழக்கமான கேள்விதானே என்று தோன்றியது. நீந்த எங்கே போகலாம் என்றுதான் கேட்கிறான். அதற்குப் பதில் எழுதுவதுதானே என் வேலை.

ஆகவே தேர்ந்தெடுத்தேன். தேவாலயக் குன்றுக்குக் கீழே உள்ள சின்னத் துறையைச் சொன்னேன். ஒரு வாரமாக ஒரு தாயும் குட்டியும் அங்கே படுத்திருந்தன. கரையிலிருந்து நானூறு மீட்டர்கூட இருக்காது என்று எழுதினேன். காலை பத்து மணிக்குக் குட்டி விளையாடும் என்று எழுதினேன். ஞாயிறு எங்கள் நாட்டில் யாரும் வேலை செய்யக்கூடாத நாள், படகுகள் ஓடாது, நீங்களும் அவையும் மட்டும்தான் என்று எழுதினேன். எல்லாம் உண்மை. பத்தேகாலுக்குக் கடல் வற்றத் தொடங்கும், துறைக்கு எதிரே இரண்டு தீவுகளுக்கு நடுவிலுள்ள சந்து தண்ணீரையெல்லாம் பவளப்பாறைக்கு வெளியே ஆழ்கடலுக்கு இழுத்துக்கொண்டு போகும் என்று எழுதவில்லை. அவன் அதைக் கேட்கவில்லை. போன வருஷம் அவனைப் படகு ஏற்றி இறக்கியது, இழுப்பைப் பற்றி யோசிக்க வேண்டியது சேமிசியின் பாடாக இருந்தது. கடல் ஏறி இறங்கும் நேரமெல்லாம் போட்ட தாள் என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறது, நீ பார்க்கலாம். அந்த நாளுக்குப் பென்சிலால் ஒரு சின்னக் கோடு இருக்கும்.

நீங்கள் எல்லோரும் அன்று தேவாலயத்தில் இருந்தீர்கள். நீ மூன்றாம் வரிசையில், புதுச் செருப்போடு. லூபே என் பக்கத்தில், ஜன்னல் ஓரம். அங்கிருந்து துறை முழுக்கத் தெரியும், உனக்குத் தெரியாததில்லை. இரண்டாம் பாட்டு தொடங்கியது. நம் ஆட்கள் பாடினால் கூரை தூக்கும், பக்கத்தில் பேசுவதே கேட்காது. அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். அப்புறம் என் காதருகே குனிந்தாள்.

"அத்தை, துறையில யாரோ கையைத் தூக்கியிருக்காங்க."

"பாட்டைப் பாடு."

"ஆட்டல அத்தை. நேரா நிக்குது. நான் சொல்லிக்கொடுக்கிற மாதிரி."

எழுந்துவிட்டாள். பாதி எழுந்தாள் என்று எழுது. சேமிசியின் படகு குன்றுக்குக் கீழேதான் கட்டியிருந்தது. அவள் ஓடிப்போய் எடுத்திருந்தால் ஆறு நிமிஷம். நான் எத்தனையோ முறை கணக்குப் பார்த்துவிட்டேன், ஆறு நிமிஷம்தான்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை," என்றேன். "உக்காரு."

உட்கார்ந்தாள்.

கையைப் பிடித்து இழுக்கவில்லை. குரலை உயர்த்தவில்லை. எனக்குப் பின்னால் இருந்தவர்களைக் கேள், ஏதாவது பார்த்தார்களா என்று. அவள் இரண்டு உள்ளங்கையையும் பெஞ்சில் அழுத்தி வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தபடி இருந்தாள். நானும் பார்த்தேன். ஒரு கை எவ்வளவு நேரம் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. அது நாலாம் பாட்டு வரை நின்றது. தாய் குட்டியை ஒதுக்கிக்கொண்டு கரையோரம் போய்விட்டது. ஆசீர்வாதம் சொல்லி முடித்தபோது தண்ணீர்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, சேம்பிலையில் கட்டிய இறைச்சிப் பொட்டலங்களைக் குழியடுப்பிலிருந்து எடுத்தோம். அவளுக்குப் பெரியதாக ஒன்று வைத்தேன். சாப்பிடு என்றேன். சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை வலைக்காரர்கள் ஆரனின் உடலைக் கொண்டுவந்த பிறகுதான் அது யாருடைய கை என்று அவளுக்குத் தெரிந்தது. அழவில்லை. "அத்தை, அவன் இங்க வர்றது உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். நான் பொய் சொல்லமாட்டேன் என்றுதான் முதலிலேயே சொன்னேனே.

நீ கேட்டதற்கு நேரான பதில் இது, எழுதிக்கொள். அவன் திரும்பக் கூடாது என்றுதான் அந்த இடத்தையும் அந்த நேரத்தையும் தேர்ந்தெடுத்தேன். காப்பாற்றக்கூடியவளை உட்காரவைத்ததும் நான்தான். ஆனால் லூபேயைப் பிடித்துவைத்திருக்கிறேன் என்று சேமிசியின் பெண்டாட்டி சொன்னதாகச் சொல்கிறாயே, அதை எழுதாதே. லூபே அடுத்த அறையில்தான் இருக்கிறாள். நீ வருவதற்கு முன்னால் அவளிடம் பேசாதே என்றேன், அதனால்தான் சத்தமில்லை. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. பாஸ்போர்ட் இந்த இழுப்பறையில் இருக்கிறது, இதற்கும் பூட்டு இல்லை. நேற்றும் நாலு பேரைத் தண்ணீருக்குள் கூட்டிப்போனாள். வந்தவர்கள் மிகவும் மெச்சி எழுதியிருக்கிறார்கள். அவள் கடைசிவரை கையைத் தூக்கவே இல்லை, எவ்வளவு பொறுமை என்று.

கைவிலங்கை எடுத்துவிட்டாய். அதைக் கீழே வை, மொசெசே.

வைத்துவிட்டாயா? நல்ல பிள்ளை. இந்தக் குடும்பத்தில் யாரையும் எதற்கும் நான் கட்டாயப்படுத்தியதே இல்லை.