ஹை கிரேடு

அட, பதறாதீங்க சார். விழாது. ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது, அவ்வளவுதான். மேல அஞ்சு ரோப்பு இருக்கு, நம்ம ரெண்டு பேரையும் தாங்க அதுல ஒண்ணே போதும். எனக்கு எப்படித் தெரியுமா? லிஃப்டு மெக்கானிக் சார் நான். இந்த ஆஸ்பத்திரிக்கு இதை மாட்டினதே நாங்கதான்.

அலாரமா? என் முதுகுக்குப் பின்னாடி இருக்கு. அழுத்தி என்ன ஆகப்போகுது? வாட்ச்மேன் ஓடி வந்து, கதவைத் தட்டி, உள்ள யாரும்பான். அந்த ஃப்ளாஸ்கைக் கீழ வைங்க, கை வலிக்கப் போகுது. யாருக்கு, மச்சினனுக்கா? குடல்வால் ஆபரேஷனா? கொடுத்து வெச்ச மனுஷன். ஒரே வெட்டு, வீட்டுக்குப் போயிடலாம்.

நானா? நாலாவது மாடி. என் மக அங்க டாக்டர் ரூம் வாசல்ல உட்கார்ந்திருக்கா. இன்னைக்கு நான் ஒரு பதில் சொல்லியாகணும். என் மூத்திரப்பையை வெச்சுக்கறதா, எடுத்துடறதான்னு. ஆமா சார், எடுத்துடறதுதான். ஏதோ பழைய பீரோவை எடுத்துப் போடற மாதிரி.

ஒரு நாள் காலையில மூத்திரம் சிவப்பாப் போச்சு. வலியில்ல, எரிச்சல் இல்ல. சூடுன்னு நெனச்சு தண்ணி குடிச்சேன், சரியாயிடுச்சு. நாம அதோட விட்டுடுவோமே, விட்டேன். மறுபடி போச்சு. வலிச்சிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பேன். சத்தம் போடாத மோட்டாரை யாரு சார் திறந்து பாக்கறா?

கேமராவை உள்ள விட்டுப் பார்த்தாங்க. எந்த வழியான்னு கேக்காதீங்க, சொன்னா உங்களுக்கும் கூசும். உள்ள ஒரு சின்ன சதை, பூ மாதிரி. சுரண்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. ரிசல்ட்டுக்கு நான் மட்டும்தான் வந்தேன். டாக்டர் சொன்னாரு, ஆரம்ப நிலை கேன்சர்தான், ஆனா ஹை கிரேடுன்னு.

எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ஆரம்பம்னுட்டாரு, அதுக்கு மேல ஹை கிரேடுன்னும் சொல்லிட்டாரு! எங்க தொழில்ல ஹை கிரேடு ரோப்புன்னா முதல் தரம் சார். லோ கிரேடை எவனாவது தலையில கட்டப் பார்த்தா திருப்பி அனுப்பிடுவோம். டாக்டர் அதுக்கப்புறம் பேசினது ஒண்ணும் காதுல ஏறல. வெளிய வந்ததும் மாப்பிள்ளைக்குப் போன் பண்ணி, ஒண்ணும் பயமில்ல மாப்ளே, ஹை கிரேடுதானாம்னேன். அவரும் அப்பாடா மாமான்னாரு. ரெண்டு பேரும் ஒரே குட்டையில ஊறின மட்டை. வீட்டுக்கு வந்து மக கிட்ட சொன்னேன். சிரிச்ச முகம் அப்படியே விழுந்துடுச்சு. அப்பா, இதுல ஹைன்னா மோசம்ப்பான்னா.

இழுத்துட்டு வந்தா. டாக்டர் பொறுமையான ஆளு, முதல்லேருந்து சொன்னாரு. எவ்வளவு ஆழம் போயிருக்குங்கறது ஒண்ணு, எவ்வளவு முரட்டுத்தனமா வளருதுங்கறது வேற ஒண்ணாம். எனக்குப் பையோட சதைச் சுவர் வரைக்கும் போகல, ஆனா போற புத்தி இருக்காம். எத்தனை கட்டி, எவ்வளவு பெருசு, திரும்ப வந்ததா, எல்லாத்தையும் கூட்டிப் பார்த்துதான் ஆபத்து எவ்வளவுன்னு சொல்வாங்களாம். அப்படிப் பார்த்தா, உங்கள மாதிரி பத்து பேருல, மருந்து வெச்சாலும் ரெண்டு பேருக்கு ஆழமாப் போகலாம்னாரு.

நான் விடல. டாக்டர், பத்து தடவை ஏறினா ரெண்டு தடவை விழும்னு சொன்னா அந்த லிஃப்டுல நீங்க ஏறுவீங்களான்னு கேட்டேன். அவரு சிரிக்கல. நீங்க ஏற்கெனவே உள்ளதான் இருக்கீங்க, எப்படி இறங்கறதுன்னுதான் பேசறோம்னாரு.

அன்னையிலேருந்து எங்க படுத்தாலும் நாலு பக்கமும் தகரம் அடிச்ச மாதிரி இருக்கு சார்.

ரெண்டு வழி. ஒண்ணு, வாராவாரம் பைக்குள்ள மருந்து ஊத்துவாங்க, ரெண்டு மணி நேரம் அடக்கி வெச்சிருக்கணும். அதுக்கப்புறமும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை கேமரா, வருஷக்கணக்கா. திரும்ப வந்தா அப்போ எடுத்துக்கலாம். இன்னொண்ணு, இப்பவே எடுத்துட்டு, வயித்துக்கு வெளிய ஒரு பையை ஒட்டி வெச்சுக்கறது. வீட்டுக்காரி இருந்தா கேட்டிருப்பேன். போய்ச் சேர்ந்துட்டா. இருந்திருந்தா முதல்ல பீடிக்கு ரெண்டு திட்டு திட்டிட்டுத்தான் பேச ஆரம்பிச்சிருப்பா. மக கூப்பிடறா, என்கூட வந்து இருங்கப்பான்னு. அவ வீட்ல நான் பையை மாட்டிக்கிட்டு, பேரப்புள்ளைங்க தாத்தா அது என்னான்னு கேட்டுக்கிட்டு.

பாருங்க, அவதான். போன்ல கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. சிக்னலா, நல்லாத்தான் இருக்கு. அடிக்கட்டும்.

டாக்டர் ஒண்ணு சொன்னாரு சார். அதுதான் நெஞ்சுல குத்திக்கிட்டு நிக்குது. மருந்து வைக்கலாம், நல்ல வழிதான், ஆனா ஒரு தடவை கூடத் தவறாம கேமராவுக்கு வர்ற ஆளா இருந்தா மட்டும். பயந்து ஓடி ஒளியற ஆளா இருந்தா, பையை வெச்சுக்காதீங்க, எடுத்துடுங்க. நீங்க எந்த ஆளுன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும், யோசிச்சுட்டு வாங்கன்னாரு.

யோசிச்சேன். ரோப்பைத் தவறாம பார்த்தவன், இதைப் பார்க்க மாட்டேனான்னு நெனச்சேன். வந்துடுவேன்னு சொல்லத்தான் இன்னைக்குக் கிளம்பினேன். சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு.

ஐயோ, முட்டுது சார். சுரண்டினதுலேருந்து இப்படித்தான், வந்தா நிக்காது. கொஞ்சம் தள்ளுங்க. இல்ல இல்ல, அலாரம் வேணாம். இங்க பாருங்க, பொத்தானுக்குக் கீழ சின்ன மூடி இருக்கில்ல, அதுக்கு என்கிட்ட சாவி இருக்கு. இந்தா, சுவிட்சைத் திருப்பிட்டேன். ஏறுது பார்த்தீங்களா? லிஃப்டுல ஒரு கோளாறும் இல்ல சார். நாலுன்னு லைட்டு எரிஞ்சதும் நான்தான் நிறுத்தினேன்.

திட்டுங்க, பரவாயில்ல. உங்க மச்சினன் கிட்டயும் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க.

என் மக நிக்கறா பாருங்க, அந்த நீலப் புடவை. நான் பாத்ரூமுக்கு ஓடறேன். நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். அப்பா எந்த ஆளுன்னு தெரிஞ்சுபோச்சாம், எடுத்துடச் சொன்னாருன்னு.