தயிர்சாதம் மட்டும்

செகந்திராபாத்தில் தமிழ் தெரிந்த நாய் டாக்டரின் வரிசையில் பூனைக் கூடையோடு உட்கார்ந்திருந்தேன். டோக்கன் எண்ணைக் கூப்பிட்ட பிறகே எழ வேண்டும் என்று பலகை சொன்னது. எல்லோரும் நின்றுகொண்டு அதைப் படித்தார்கள். எனக்கு முன்னால் ஒரு கணவன், மனைவி, விலா எலும்பை எண்ணக்கூடிய ஒரு நாய். அவன் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது.

"டாக்டர் கேட்டா தயிர்சாதம் மட்டும்னு சொல்லு."

"மட்டும்னா? வேற என்ன போடறீங்க?"

அவன் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னிக்கும் எடை குறைஞ்சா தத்து கொடுத்த காப்பகத்துல திருப்பி எடுத்துக்குவாங்க. சொல்லுங்க."

"வாக்கிங் போறப்ப சிக்கன். மூணு வாரமா."

"ஐயோ! நான் மத்தியானம் ரெண்டு முட்டை போடறேன். அத்தை தூங்கினப்புறம். வீட்டுக்குள்ள முட்டையே கூடாதுங்கறவங்களாச்சே."

"ஹவ், ஆமா, அதான் வீடெல்லாம் பேதி! பூச்சி மாத்திரை?"

"நீங்க கொடுத்தீங்கன்னு நினைச்சேன்."

"நான் அது உன் வேலைன்னு நினைச்சேன்."

அவர்கள் எண் வந்தது. கதவு மூடவில்லை. எடை அரைக் கிலோ குறைந்திருந்தது. கணவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்.

"முதல்ல பூச்சி மாத்திரை," என்றார் டாக்டர். "பேதி நின்னதும் சாதத்தோட வேகவெச்ச முட்டை, கொஞ்சம் கொஞ்சமா, நாலு வேளை. காப்பகத்துல ரெண்டு வாரம் தவணை கேக்கறேன். அதுக்கு மேல முடியாது."

"முட்டையைச் சீட்டுலயே எழுதிடுங்க டாக்டர்," என்றாள் மனைவி. "சீட்டுல இருந்தா அத்தைக்கு அது மருந்து. வேளை தவறாம அவங்களே கொடுப்பாங்க."