மேல்வீட்டுப் புகை அலாரம்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒரே கட்டடத்தில் கீழும் மேலுமாக வாடகைக்குக் குடியிருப்பவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. முதல் கொண்டை ஊசி வளைவு திரும்பும்போது கீழ்வீட்டுக்காரி சொன்னாள்:

“நேத்தும் உங்க ஊடு கத்துச்சுங்க.”

“கருவாடு வறுத்தேனுங்க. சீலிங்குல இருக்கற அந்தப் புகை அலாரம், லேசாப் புகை வந்தாலே கத்துது.”

“எங்க ஊட்டுல அது இல்லீங்களே. ஓனர்கிட்ட நானும் ஆறு வருஷமாக் கேக்கறேன்.”

“மேல டூரிஸ்டுக்கு விட்டுட்டிருந்தப்ப மாட்டுனதாமுங்க.”

“ஏனுங்க, ரெண்டு நாள் தங்கறவனுக்கு மட்டுந்தான் உசுரா? எங்க ஊட்டு வயரிங்கு நொம்பப் பழசு. உங்களுக்கென்னங்க, குடுத்து வெச்சவங்க. எங்க ஊடு தீப்பிடிச்சாக்கூட அது உங்களத்தான் மொதல்ல எழுப்பும்.”

மேல்வீட்டுக்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த வளைவில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“கோவிச்சுக்காதீங்க. நேத்து அது கத்துன கத்துல, பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி ரப்பர் பேண்டு சுத்திட்டேனுங்க.”

கீழ்வீட்டுக்காரி மடியிலிருந்த கூடையை இறுக்கிப் பிடித்தாள்.

“போனதும் அந்தக் கவரக் கழட்டுங்க. இல்லாட்டி அலாரத்தையே கழட்டி எங்கிட்டக் குடுத்துப்போடுங்க. சாமி படத்துக்கு மேல மாட்டிக்கறேன்.”

“அங்க தெனமும் ஊதுவத்தி கொளுத்துவீங்களே, கத்துமுங்க.”

“கத்தட்டுமுங்க. எங்க ஊடும் ஒரு நாளாவது கத்தட்டும்.”