நடு வரப்பு

— கொல்லைலன்னா எந்தக் கொல்லை, சுதா? ஏரிக்கரைக் கொல்லையா?

— ஆமா நைனா, வேர்க்கடலை போட்டுகீறோமே, அதான். நடு வரப்புல நடந்துகினு படிக்கிறேன். வூட்டுல ஒரே டிவி சத்தம். நாளைக்கு இங்கிலீஷ் பரிச்சை.

— உள்ள எப்படிப் போன?

— இன்னா கேள்வி இது? கால்லதான். ஓரத்துல கம்பி ஒண்ணு கட்டிகீது, தாண்டி வந்தேன்.

— எப்ப தாண்டுன?

— அரை மணி நேரம் இருக்கும். ஏன் ஒரு மாதிரி பேசற? உத்திரமேரூர்லதானே கீற? உரம் கெடைக்கலையா?

— உரத்த உடு. பக்கத்துக் கொல்லை எல்லப்பன் கெணத்துல மோட்டார் ஓடுதா, காது குடுத்துக் கேளு.

— ஓடுதே. இப்பதான் எடுத்துச்சு. தொட்டில தண்ணி கொட்டுறது இங்க கேக்குது.

— ஐயோ. நில்லு. அங்கயே நில்லு. ஒரு அடி எடுத்து வெக்காத.

— பாம்பா நைனா?

— பாம்பு இல்ல கண்ணு. அந்தக் கம்பில கரண்ட் கீது. காட்டுப்பன்னிக்காக இன்னிக்குக் காலைல தண்ணி பாய்ச்சிட்டு கட்டினேன். மோட்டாருக்கு உடற த்ரீ பேஸ் கரண்ட் வந்தா கம்பிலயும் தானா ஏறிக்கும். ராத்திரிதான் வரும்னு இருந்தேன், முன்னாடியே உட்டுட்டாங்க. கொல்லைப் பக்கம் போவாதன்னு சொல்லத்தான் போன் பண்ணேன்.

— நாலு பக்கமுமா?

— நாலு பக்கமும்.

— அம்மாவுக்குத் தெரியுமா?

— யாருக்கும் தெரியாது.

— முட்டி ஒசரம்தானே நைனா, வந்த மாதிரியே தாண்டிடறேன்.

— வாணாம்! வரப்பு ஊறிக் கெடக்கு, வழுக்குனா... வாணாம்மா. ஆஃப் பண்ற சுவிட்சு நம்ம மோட்டார் ரூமுல, அந்தச் சாவி என் இடுப்புல கீது. நீ போனைக் கட் பண்ணாத. கடைக்காரர் போன்ல எல்லப்பனைக் கூப்பிடறேன், ட்ரான்ஸ்பார்மர்ல ஃபியூஸைப் புடுங்கட்டும்.

— புஸ்தகத்தைக் கட்டிப் புடிச்சிகினு நிக்கிறேன் நைனா.

— எதுனா பேசிகினே இரு. உன் கொரலு எனக்குக் கேக்கணும். படி, சத்தமா படி.

— சரவுண்ட். சுத்தி வளைக்கிறது. என்க்ளோஸ். நாலு பக்கமும் அடைக்கிறது. கன்ஃபைன். வெளிய உடாம...

— வேற எதுனா படியேம்மா.

— இந்தப் பாடம் பூரா இதேதான் நைனா.

— சரி, படி. நிறுத்தாத. இரு, எல்லப்பன் போனை எடுத்துட்டான். எல்லப்பா! புருஷோத்தமன் பேசறேன். ஓடுப்பா, ட்ரான்ஸ்பார்மர் ஃபியூஸைப் புடுங்கு. எம் பொண்ணு கம்பிக்கு உள்ள மாட்டிகினு கீறா!

— நைனா, நம்ம நாயி என்னைப் பாத்துட்டு ஓடியாருது.

— வெரட்டு! மண்ணாங்கட்டிய எடுத்து அடி!

— போ! போடா கறுப்பா! வராத! டேய்...

— சுதா? சுதா! பேசும்மா!

— கத்தக்கூட இல்ல நைனா. தொட்டுச்சு, அப்படியே உழுந்துடுச்சு.

— அழாத கண்ணு. அந்தப் பக்கம் பாக்காத. எல்லப்பன் ஓடிகினுதான் கீறான்.

— இங்கேர்ந்து கண்ணு தெரியுது, அதோட கண்ணு. மூடவே இல்ல.

— பாக்காதன்றேன்ல! மோட்டாரைக் கேளு. நின்னுச்சா?

— இல்ல... ஓடுது... இரு. நின்னுடுச்சு. சத்தமே இல்ல.

— புடுங்கிட்டான். இப்ப தாண்டு! மோட்டார் நின்னுச்சேன்னு எவனாச்சும் போய் மறுபடியும் சொருகிடுவான். ஓடு கண்ணு!

— தாண்டமாட்டேன்.

— இன்னாது?

— விடிகாலைல களை எடுக்க செவ்வந்தி அக்கா, கூட மூணு பேரு இந்தப் பக்கமாத்தானே நடந்து போவாங்க? இருட்டுல அவங்களுக்குக் கம்பி தெரியுமா?

— அவங்க வர்றதுக்குள்ள நான் ஆஃப் பண்ணிடுவேன்மா. மொதல்ல நீ வெளிய வா. உன் கால்ல வேணா உழறேன்.

— நான் வெளிய வந்துட்டா நீ கழட்டமாட்ட நைனா. நீயே வந்து கம்பிய சுருட்டு. அதுவரிக்கும் நான் இங்கயே உக்காந்துகினு கீறேன்.