றொக்சனின் கோடு போட்ட போர்வை

மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு வைக்க வேண்டும், ஃபாதர். வைக்காவிட்டால் இரண்டும் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராக்காரர்களைப் போலச் சண்டை பிடித்துக்கொண்டே இருக்கும். குரோஷே பின்னலில் புதிதாகக் கை வைக்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இது. றொக்சனுக்கும் இதைத்தான் முதலில் சொன்னேன். அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தவற்றில் உண்மையானது இது ஒன்றுதான்.

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, "என்ன பெற்றீசியா, மொகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்று கேட்டீர்கள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்று இருக்கிறது. அதை முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்கிறேன்.

நீங்கள் இந்தப் பங்குக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. எங்கள் வீட்டுக் கதை முழுவதும் தெரிந்திருக்காது. அம்மா போனபோது எனக்குப் பதினேழு வயது, தம்பி றோலண்டுக்கு ஆறு. பகலில் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்து, பின்னேரம் வந்து சோறாக்கி, அவனுக்குப் பேன் பார்த்து, பாடம் சொல்லிக்கொடுத்து ஆளாக்கினேன். எனக்குக் கல்யாணம் காட்சி என்று ஒன்றும் அமையவில்லை. அதற்காக நான் மூலையில் உட்கார்ந்து அழவும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் றோலண்ட் ஷாமிலாவைக் கட்டினான். நல்ல பெண். அவளுடைய அண்ணன்தான் றொக்சன். நானுஓயா ஸ்டேஷனில் ரயிலுக்கு வருகிறவர்களை நுவரெலியாவுக்கு ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறான். அவனும் நல்ல பையன். இந்தக் கதையில் எல்லோரும் நல்லவர்கள்தான்.

ஷாமிலா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே நான் நூல் வாங்கிவிட்டேன். காரணம் எங்கள் தோட்டத்து வேதக்காரக் குடும்பங்களில் இருக்கிற ஒரு வழக்கம். ஞானஸ்நானத்தன்று பிள்ளையைச் சுற்றிக்கொண்டு போகும் போர்வை யாருடையதோ, லயத்திலிருந்து கோயில் வரைக்கும் பிள்ளை அவர் கையில்தான். பெற்ற தாய்கூட வாங்க முடியாது. முதல் உரிமை தாய்மாமனுக்கு, அவருக்கு அடுத்தது அத்தைக்கு. ஆனால் தாய்மாமன் கடையில் வாங்கி வந்தால், அத்தையின் கைவேலைதான் முன்னுக்கு வரும். வேன் ஓட்டுகிறவன் கடையில்தான் வாங்குவான் என்று நான் நம்பியிருந்தேன். நம்பாமல் என்ன செய்வது.

அந்தப் பிள்ளையை நான் தூக்க வேண்டும் என்று இருந்தது, ஃபாதர். லயத்திலிருந்து கோயிலுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. அந்த நூற்றுப் பன்னிரண்டு படிக்கு மட்டும். இதைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

அப்போதுதான் றொக்சன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே மஞ்சள், நீலம், வெள்ளை நூல்பந்துகளும் ஒரு குரோஷே ஊசியும் இருந்தன. ஊசியில் பத்து நிரை பின்னல் தொங்கியது.

"மதினி, இத கொஞ்சம் பாருங்களேன். தங்கச்சி புள்ளைக்கு நானே செய்யலாம்னு இருக்கேன். போன்ல பாத்துப் போட்டது, சரியா இருக்கா?"

நான் அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பத்து நிரையிலும் ஒரு பிசகு இல்லை. கன்னியாஸ்திரிகளிடம் ஒரு வருஷம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட என்னுடைய முதல் பின்னல் இப்படி இருக்கவில்லை. வயிறு எரிந்தது. வயிறு எரிகிறபோது நான் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவேன்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா கண்ணு ரொம்பப் பெருசா இருக்கே. பச்சப்புள்ள வெரலு உள்ள மாட்டிக்கிட்டா?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. உடனே நூலின் நுனியைப் பிடித்து இழுத்தான். பத்து நிரையும் சரசரவென்று கழன்று வந்தன. நான் தொடவில்லை, ஃபாதர். அவன் கையால் அவனே இழுத்தான். கழன்ற நூலை உருட்டிக் கொடுத்தது மட்டும் நான்.

பிறகு பாடம் ஆரம்பித்தேன். சிறிய ஊசி ஒன்று கொடுத்தேன். நூற்றிருபது கண்ணுக்குச் சங்கிலி போடச் சொன்னேன். ஒவ்வொரு கண்ணிலும் ஒரே மாதிரி ஒரு பின்னல், நிரை முடிந்ததும் திருப்பிக்கொண்டு மறுபடியும் அதே பின்னல், ஐந்து நிரைக்கு ஒரு முறை நிறம் மாற்று, அவ்வளவுதான். குழந்தைகூடப் போடும். கெடுக்க வேண்டும் என்றால் அதில் கெடுப்பதற்கு ஓர் இடம்தான் இருக்கிறது. நிரையின் கடைசிக் கண்.

எங்கள் மலையில் நிரை முடிகிற இடத்தில், தண்ணீர்க் கான் ஓரத்துக் கடைசிச் செடியை யாரும் எடுக்க மாட்டார்கள். அடுத்த நிரைக்காரி திரும்பும்போது எடுக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அது ஒரு மரியாதை. றொக்சனின் அம்மாவும் கொழுந்து எடுத்தவள்தான்.

"கொழுந்து நெர மாதிரித்தான் தம்பி" என்றேன். "கடைசிக் கண்ண விட்ருங்க. அது அடுத்த நெரைக்கு."

"ஆமா மதினி, அம்மாவும் அப்பிடித்தான் விடுவாங்க" என்று தலையாட்டினான்.

நான் பொய்யைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மலையே எடுத்துக் கொடுத்தது. நீங்கள் பின்னல் போடுகிறவர் இல்லை என்பதால் விளக்கிவிடுகிறேன். நிரைக்கு ஒரு கண்ணை விட்டால், நூற்றிருபது நூற்றுப் பத்தொன்பதாகும், பிறகு நூற்றுப் பதினெட்டாகும். இரண்டு பக்கமும் மாறி மாறி ஒடுங்கி, கடைசியில் ஒரே கண்ணில் வந்து நிற்கும். அதற்குப் பெயர் போர்வை இல்லை.

அதன் பிறகு ஐந்து மாதம் அவன் அதோடுதான் இருந்தான். நானுஓயாவில் ரயில் பிந்தினால் ஸ்டியரிங் மேல் வைத்துப் பின்னினான். மற்ற வேன்காரர்கள் அவனுக்குத் தையல் டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். நிரை நடுவில் நிற்கிறது என்று, வந்த ஆட்களை அடுத்த வேனில் ஏற்றி அனுப்பினானாம். மார்க்கெட் பக்கம் போனால் எனக்கு லீக்ஸும் கரட்டும் வாங்கி வருவான், பாடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று. லீக்ஸ் நன்றாக இருந்தது.

நான்கு நிறம் மாறியதும் அவனுக்குச் சந்தேகம் வந்தது.

"மதினி, ரெண்டு பக்கமும் ஒடுங்குதே."

"நம்ம ஊரு பனிக்கு நூலு சுருங்காம என்ன செய்யும்? முடிச்சிட்டு, கழுவி வெயில்ல போடுங்க. விரிஞ்சிரும்."

"வெயிலு எப்ப வரும் மதினி?"

"வரும்" என்றேன். அது மழை மாதம்.

ஷாமிலாவும் அதைப் பார்த்துவிட்டு, இது சரியில்லையே என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். அவளே பிறகு தேங்காய் துருவிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "அண்ணே கோவிச்சிக்கிட்டாரு மதினி. மதினி பொய் சொல்ல மாட்டாங்கன்னு என்னைய ஏசுறாரு." அன்று எனக்கு நெஞ்சில் ஒரு குத்து குத்தியது. வாயுவாக இருக்கும் என்று இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி குடித்தேன். மறுநாள் சரியாகிவிட்டது.

பிள்ளை பிறந்தது, பெண். ஞானஸ்நானத்துக்கு நீங்கள் தேதி கொடுத்தீர்கள். அதற்குள் என் போர்வை முடிந்து, மடித்து, பெட்டியில் இருந்தது. நான்கு மூலை, நேரான ஓரம், குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அன்று காலையில் வாசலெல்லாம் பனிமூட்டம். றொக்சன் கண் சிவந்து வந்தான். முதல் நாள் கழுவி, வெயில் இல்லாமல் அடுப்புக்கு மேலே கட்டிக் காய வைத்திருக்கிறான். பார்சலைப் பிரித்து எல்லோருக்கும் முன்னால் தூக்கிப் பிடித்தான். ஒரு பக்கம் ஒன்றரை முழ அகலம், மறுபக்கம் ஒரு கூர். அவனுடைய அப்பா முத்துலிங்கம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்னடா இது, ஆட்டுக்குத் தொப்பியா?"

லயமே சிரித்தது. றொக்சன் என்னைப் பார்த்தான். "வெயிலு வரலயே மதினி" என்றான். என்னைக் குற்றம் சொல்லவில்லை. வெயிலைத்தான் சொன்னான். அவன் உதடு நடுங்கியதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே என் போர்வையை எடுத்து நீட்டினேன்.

"பரவாயில்ல தம்பி. என்கிட்ட ஒண்ணு இருக்கு."

இந்த வார்த்தையை ஐந்து மாதமாகக் கொழுந்து எடுக்கும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பழகியிருந்தேன். அதனால் மிகவும் இயல்பாக வந்தது.

ஆனால் பிள்ளை குளிரில் வீரிட்டுக்கொண்டிருந்தது. ஷாமிலா என் கையைப் பார்க்கவே இல்லை. அண்ணன் கையிலிருந்ததைப் பிடுங்கிக் கட்டிலில் விரித்தாள். அகலப் பக்கம் பிள்ளையின் தலையை வைத்தாள். கூர் முனையை மடித்துக் காலுக்கு மேலே போட்டாள். இரண்டு பக்கத்தையும் இடமும் வலமுமாகச் சுற்றிச் செருகினாள். ஒரு துணி மிச்சமில்லை, ஒரு மடிப்புக் கனமில்லை, கால் உதறினாலும் அவிழவில்லை. பிள்ளை ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது. நீலமும் வெள்ளையும் மஞ்சளும் அந்தச் சின்ன உடம்பைச் சுற்றி அழகாக வளைந்து வந்தன. அழகு என்று நானே சொல்கிறேன். அழகாகத்தான் இருந்தது.

றொக்சன் தூக்கிக்கொண்டு நடந்தான். நூற்றுப் பன்னிரண்டு படியும் நான் பின்னால் என் நான்கு மூலையைச் சுமந்துகொண்டு ஏறினேன்.

கோயிலில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பிள்ளையைத் தூக்கிக் காட்டி, "இதோ பாருங்கள், மூன்று மூலை. பிதா, சுதன், பரிசுத்த ஆவி. ஒரு மாமனின் எளிய கை திரித்துவத்தையே பின்னியிருக்கிறது" என்று பிரசங்கம் வைத்தீர்கள். கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள். முத்துலிங்கமும் துடைத்தார். ஆட்டுத் தொப்பி யாருக்கும் ஞாபகம் இல்லை.

இப்போது தோட்டத்தில் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று வயிற்றுப் பிள்ளைக்காரிகள் எல்லோரும் அந்தப் போர்வைதான் வேண்டும் என்கிறார்கள். சனிக்கிழமை கோயில் ஹோலில் றொக்சன் வகுப்பு எடுக்கிறான். அவனுக்கு மாஸ்டர் என்று பெயர். யாராவது கேட்டால், "ஊசி புடிக்க மதினி சொல்லித் தந்தாங்க. இந்த வடிவம் மாதா குடுத்தது" என்கிறான். போன சனிக்கிழமை நானும் போய்க் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன், ஒரு பார்வை பார்க்கலாம் என்று. என் பின்னலை வாங்கிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கத் திருத்தினான்.

"கடைசிக் கண்ண விடலயே மதினி நீங்க. அது மாதாவுக்கு."

அவிழ்த்துத் திரும்பப் போட்டேன்.

மாதா கொடுக்கவில்லை, ஃபாதர். நான் கொடுத்தேன். தெரிந்தே, திட்டம் போட்டு, ஐந்து மாதம், கெட்ட எண்ணத்தோடு கொடுத்தேன். நூற்றிருபது கண்ணில் ஒன்றுகூடத் தற்செயலாக விடுபடவில்லை. சரியாகப் பின்னிய ஒருவனைப் பிடித்துப் பிழையாகப் பின்ன வைத்ததும் நான், கேட்டபோதெல்லாம் பொய் சொன்னதும் நான், எல்லோரும் சிரிக்கும்போது அவன் முகத்தை நின்று பார்த்ததும் நான். முழுவதையும் ஒப்புக்கொள்கிறேன். யோசித்துப் பார்த்தால் அந்தப் போர்வையே என்னுடையதுதான். பிள்ளை பெரியவளானதும் அவளுக்கு அது தெரிய வேண்டும்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கலாம். அங்கே சொன்னால் நீங்கள் வெளியே சொல்லக் கூடாது. அதனால்தான் எழுதித் தருகிறேன், வாசிக்க வசதியாக, ஒரு வரி விட்டு ஒரு வரி. வருகிற ஞாயிறு அறிவித்தல் நேரத்தில் வாசித்துவிடுங்கள். றொக்சனின் மனசு நோகுமே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். உண்மை என்று வந்துவிட்டால் அதையெல்லாம் பார்க்க முடியாது. மனச்சாட்சி உறுத்துகிறது என்பதைத் தவிர எனக்கு இதில் வேறு நோக்கமே கிடையாது.

மன்னிப்புக்கு அவசரமில்லை, உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு தந்தாலும் போதும். என் பெயர் வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, சத்தமாக வாசியுங்கள். பின்னால் இருக்கிறவர்களுக்கு மைக் சரியாகக் கேட்பதில்லை.