பூட்டுத் திறந்த போன்

காப்பி வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்றுதான் அதைக் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், இன்ஸ்பெக்டர் மேடம். "இந்தக் காலத்துலயும் போன் பூட்டைத் திறந்து வேற சாஃப்ட்வேர் போடுறதெல்லாம் தேவையா?" என்றீர்கள். நல்ல கேள்வி. அப்போது உங்கள் போன் மேசை மேல் ஏதோ அப்டேட்டை இறக்கிக்கொண்டு படாதபாடு பட்டுக்கொண்டிருந்தது. கொடுத்தால் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவேன். கொடுக்க மாட்டீர்கள். அதுவும் நியாயம்தான்.

வாக்குமூலத்தை நானே தட்டச்சு செய்ய அனுமதித்ததற்கு நன்றி. உங்கள் எழுத்தர் தங்கமான மனிதர். ஆனால் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தையும் தேடிப் பிடிக்கிறார். அவரை நம்பினால் நான் தண்டனை முடிந்து வெளியே வந்த பிறகுதான் முதல் பக்கமே முடியும்.

உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில், தேவையில்லை என்பதுதான். ஒரு காலத்தில் தேவைப்பட்டது. வேண்டாத ஆப்களையெல்லாம் திணித்து விற்பார்கள், அழிக்கவும் விடமாட்டார்கள். கொஞ்ச நாள் போனால் புது வெர்ஷன் கிடையாது, புது போன் வாங்கிக்கொள் என்பார்கள். நாங்கள் பூட்டைத் திறந்து, குப்பையை வாரிக் கொட்டிவிட்டு, நாங்களே எழுதியதை ஏற்றுவோம். செத்துப்போன போன் எழுந்து ஓடும். இப்போது கடையிலிருந்து வரும்போதே போன்கள் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும், வாரண்டி போகும், பேங்க் ஆப் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எங்கள் இணையக் குழுவில் முன்பெல்லாம் ஒரு கேள்வி கேட்டால் நூறு பேர் அடித்துக்கொண்டு பதில் சொல்வார்கள். கடைசியில் நானும் இன்னொருவரும் மட்டும் இருந்தோம். அவரும் மாடியில் தக்காளி வளர்க்கப் போய்விட்டார்.

ஆனாலும் ஒரு காரணம் மிச்சமிருக்கிறது. பூட்டுத் திறந்த போன் கம்பெனி சொன்னபடி கேட்காது, சொந்தக்காரர் சொன்னபடி கேட்கும். போன் அதன் சொந்தக்காரருக்கே உரியது என்பது என் கொள்கை. இந்தக் கொள்கையிலிருந்து நான் ஒருநாளும் விலகியதில்லை. என் மனைவியின் போனை வாங்கிக் கொடுத்தது நான்தான்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிசியோதெரபிஸ்ட். விழுந்து எழுந்தவர்களையும் படுத்தே கிடப்பவர்களையும் நடக்கவைப்பது அவள் வேலை. "இன்னும் ஒரே ஒரு அடி, அவ்வளவுதான், அப்புறம் உங்களை விட்டுடுறேன்" என்று சொல்லிச் சொல்லியே தெருமுனை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். மற்றவர்களின் அம்மாக்கள் எத்தனையோ பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள்.

அவளுக்கு ஓர் அக்கா. அக்காவும் அவர்களுடைய அம்மாவும் வேறு ஊரில் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்காவுக்கு நான் வைத்த பெயர் ஹெட்மிஸ்ட்ரஸ். எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்ததில்லை, தையல்காரி. ஆனால் அவள் 'நல்லா இருக்கியா' என்று கேட்டாலே நமக்கு வீட்டுப்பாடம் செய்யாத பயம் வந்துவிடும். அவளும் என் மனைவியும் போனில் பேசினால் சண்டையில்தான் முடியும். ஒருநாள் அக்கா, "நீ விருந்தாளி மாதிரி வந்து தலையைக் காட்டிட்டுப் போற, இங்க அம்மாவோட கிடந்து அல்லாடுறது நான்" என்றாள். என் மனைவி போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு இருவரும் மெசேஜ் மட்டும்தான். அதிலும் கத்தி வீச்சுதான். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு என் மனைவி சமையலறையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அது உண்மை.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய போன் மெதுவாகிவிட்டது என்று என்னிடம் தந்தாள். படங்களையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு பூட்டைத் திறந்தேன். என் சாஃப்ட்வேரை ஏற்றினேன். கூடவே ஒரு சின்ன வேலை செய்தேன். அக்காவிடமிருந்து வரும் மெசேஜில் 'எருமை' என்று இருந்தால் அதை 'செல்லம்' என்று மாற்றச் சொன்னேன். அவ்வளவுதான். அக்காவின் அகராதியில் அந்தச் சொல் அதிகம்.

அது கொஞ்ச நாள் அருமையாக வேலை செய்தது. பிறகு அக்காவின் பையன் பள்ளி நாடகத்தில் எருமை வேஷம் போட்டான். "என்னங்க, செல்லம் வேஷம்னா என்ன வேஷம்?" என்று என் மனைவி கேட்டாள். ஏதோ புது மாதிரி நாடகம்போல என்று சமாளித்தேன். இயந்திரத்துக்கு நயம் தெரியாது, மேடம். அதற்கு மனிதன்தான் வேண்டும். அன்றிலிருந்து அக்காவின் மெசேஜ் முதலில் என் போனுக்கு வரும். நான் பார்த்து, கரடுமுரடைத் தேய்த்து, விட்ட பிறகுதான் என் மனைவியின் போனில் மணி அடிக்கும். அவள் அனுப்புவதும் என் வழியாகத்தான் போகும்.

"இந்த போன் ஏன் எல்லாத்தையும் லேட்டாவே தருது?" என்பாள்.

"லேட்டா வந்தாலும் நல்லதா வருதுல்ல?" என்பேன்.

நல்லதாகத்தான் வந்தது. அக்கா தங்கைக்குள் அப்படி ஒரு பாசம். "அக்கா எவ்வளவு மாறிட்டா பாருங்களேன்" என்று என் மனைவி படித்துக் காட்டுவாள். நான் எழுதிய வரியை அவள் வாயால் கேட்பதில் ஒரு சுகம் இருந்தது. மறைக்க மாட்டேன். அக்காவும் என்னிடம் போனில், "தம்பி, உங்க வீட்டுக்காரிக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்றாள். பேசினால் சண்டை வருகிறது, எழுதினால் வரவில்லை, இப்படியே இருக்கட்டும் என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்துகொண்டார்கள். அந்த முடிவில் பாதி நான் எழுதியது.

இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் நீங்கள் எனக்குக் காப்பிக்குப் பதில் ஒரு மாலையே போட்டிருப்பீர்கள்.

பிறகு மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பில் அடி. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆனால் எழுந்து நிற்கப் பயந்தார். அக்கா எழுதினாள்: "டாக்டர் நடக்கவைக்கணும்னு சொல்றார். யார் வந்தாலும் அம்மா காலை ஊன மாட்டேங்கறா. நீ வா. நீ ரெண்டு மாசம் இருந்து பழக்கினா எழுந்துடுவா. சண்டையெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம்."

அந்த மெசேஜை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் பிரசவத்துக்கு ஒருமுறை என் மனைவி போயிருந்தாள். ஒரு மாதம் என்று போனவள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஏதோ வந்து, மழைக்காலம் முடிந்துதான் திரும்பினாள். அந்த நாட்களில் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் "வந்துட்டீங்களா" என்று கேட்க ஆள் இல்லை. விளக்கைப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல், டி.வி.யிடம் "வந்துட்டேன்" என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அதற்காக அல்ல. அவளுக்கு அப்போது கிளினிக்கில் தலைமைப் பொறுப்பு வரும் நேரம். அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பார்த்தேன். அவளுடைய நன்மைதான்.

"அம்மாவுக்குக் கால் கொஞ்சம் மரத்துப்போகுது. மத்தபடி நல்லா இருக்கா. லீவு கிடைக்கும்போது வா" என்று அவள் போனில் மணி அடித்தது.

என் மனைவி உடனே பயிற்சிகளை விளக்கி ஒன்றன்பின் ஒன்றாக எழுதினாள். காலை நீட்டு, மடக்கு, பாதத்தைச் சுழற்று. மரத்துப்போகும் காலுக்கு அவை சரி. ஆபரேஷன் செய்த இடுப்புக்கு ஆகுமா என்பது எனக்குச் சந்தேகமாக இருந்தது. அதனால் நான் அவற்றை அனுப்பவில்லை. உடம்பு விஷயத்தில் நான் கவனமான ஆள். அதற்குப் பதில், "இப்ப வர முடியாதுக்கா, அங்கயே நல்ல ஆளா பாரு" என்று அக்காவுக்குப் போனது.

அக்கா கூப்பிட்டுப் பார்த்தாள். 'வேலையில் இருக்கிறேன், மெசேஜ் போடு' என்று தானாகவே பதில் போகும்படி அமைத்திருந்தேன். என் மனைவியின் போன் முனகக்கூட இல்லை. அவள் அங்கே கூப்பிட்டாலும் லைன் போகாது. என்னைக் கூப்பிட்டபோது, "அவளை நான் என்ன பண்ணட்டும், சொன்னா கேட்கிறாளா" என்றேன். அக்கா ஒரு படம் அனுப்பினாள். மாமியார் கட்டிலில் சுருண்டிருந்தார். அதை அப்படியே காட்ட மனம் வரவில்லை. கன்னத்தைக் கொஞ்சம் நிரப்பி, வெளிச்சத்தைக் கூட்டி விட்டேன். "அம்மா கொஞ்சம் சதை போட்டிருக்கால்ல?" என்று என் மனைவி சந்தோஷப்பட்டாள். பூட்டுத் திறந்த போனில் கேமரா மட்டும்தான் மோசம், படத்தைத் திருத்துவதில் குறை சொல்ல முடியாது.

படுத்தே கிடந்தவருக்கு முதுகில் புண் வந்தது, பிறகு நெஞ்சில் சளி. அக்காவின் மெசேஜ்களில் எருமை நின்றுபோயிற்று. திட்டவே இல்லை. "அம்மா வாசலையே பார்த்துக்கிட்டிருக்கா. உன் பேரைத்தான் சொல்றா. ஒரு நாளாவது வந்துட்டுப் போ" என்று மட்டும் வந்தது. அதற்கு நான் என்ன எழுதினேன் என்பது அக்காவின் போனில் இருக்கிறது. இங்கே மறுபடி எழுதக் கை வரவில்லை.

மாமியாரின் அடக்கத்துக்கு நான் போனேன், மேடம். ஆபீஸ் வேலையாக வெளியூர் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். மனைவிக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை என்று அங்கே சொன்னேன். நாலு பேரில் ஒருவனாகத் தோள் கொடுத்தேன். மருமகன் என்ற முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது வந்தீங்களே தம்பி" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நடிப்பல்ல.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி, "வந்துட்டீங்களா, சாப்டீங்களா?" என்றாள். நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். நல்ல நேரம் பாருங்கள், தேடினால் கிடைப்பதில்லை. நடுவில் மெசேஜ் வராவிட்டால் அவள் கவலைப்படுவாளே. அதனால் நானே எழுதினேன். அம்மா இன்று ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அம்மா இன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள். ஒருநாள், அம்மா பிடித்துக்கொள்ளாமல் நாலு அடி நடந்தாள் என்று எழுதினேன். என் மனைவி எழுந்து கை தட்டினாள். எத்தனையோ பேரை நடக்கவைத்தவள், தன் அம்மா நடந்ததை அப்படிக் கொண்டாடினாள். இறந்தவரை நடக்கவைக்க என் சாஃப்ட்வேரைத் தவிர வேறு எதனால் முடியும்? தேவையா என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

என் கணக்கில் ஒரே ஒரு ஓட்டை. திடீரென்று போய் நிற்கலாம் என்று அவள் நினைத்துவிட்டாள். யாருக்கும் மெசேஜ் போடவில்லை. போடாத மெசேஜை நான் எப்படித் திருத்துவது? அம்மாவுக்கு ஒரு சால்வையும், நடக்கும்போது வழுக்காத செருப்பு ஒரு ஜோடியும் வாங்கிக்கொண்டு போனாள். அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில் அக்காவின் தையல் மெஷின் இருந்ததாம். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று அக்கா கேட்டிருக்கிறாள். பிறகு இருவரும் தங்கள் போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து படித்திருக்கிறார்கள். மறுநாள் உங்களிடம் வந்தார்கள். இத்தனை வருடத்தில் அந்த இருவரும் சண்டை போடாமல் ஒரே இடத்துக்குச் சேர்ந்து வந்தது இதுதான் முதல் தடவை. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொன்னால் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

இவ்வளவையும் செய்தது நான்தான். யாரும் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை. மாமியாரை நடக்கவைக்கக்கூடிய ஒரே ஆளை நான் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். அவர் இறந்ததையும் மறைத்தேன்.

அவள் என்னைப் பார்க்க விரும்பவில்லை, நான் எழுதுவதை மட்டும் படிக்கக் கேட்டிருக்கிறாள் என்றீர்கள். அதற்காகத்தான் இரண்டு பிரதி எடுத்திருக்கிறேன். மேலே இருப்பது உங்களுக்கு. கீழே இருப்பது அவளுக்கு. அதில் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தைக் கொஞ்சம் இலேசாக்கியிருக்கிறேன், தூக்கத்திலேயே போய்விட்டார் என்று. பிரதிகளை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள், மேடம். அவள் மனது தாங்காது.