சிவப்புச் சட்டை இல்லாத சனிக்கிழமை

எனக்கு ஒரே இடத்தில் உட்காரவே வராது. நடந்துகொண்டே பேசினால் தப்பாக நினைக்காதீர்கள், மேடம். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். சர்ச்சில்கூடக் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன். மூன்று மணிக்குப் பயிற்சி இருக்கிறது. அதற்குள் முடித்துவிடலாம். இந்த ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா? ஹீட்டரை யாரோ அதிகமாக வைத்திருக்கிறார்கள்.

காலையில் உங்கள் விசாரணையில் அந்தப் பயிற்சி வீடியோவைப் போட்டு, பதினான்காவது ஆட்டத்தில் நிறுத்தி, "இவன் யாரைப் பார்க்கிறான்?" என்று கேட்டீர்கள். ஏழு மாதமாக எத்தனையோ பேர் அதைப் பார்த்துவிட்டார்கள். எல்லாரும் விளையாட்டில் கரை கண்டவர்கள். அவர்கள் முன்வரிசைத் தடியன்களின் கால்களைத்தான் பார்த்தார்கள். உங்களுக்கு அமெரிக்கக் கால்பந்தே தெரியாது என்று நீங்களே சொன்னீர்கள். அதனால்தான் பையனின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்கள். பதில் சொல்கிறேன். ஆனால் ஜனவரியிலிருந்து ஆரம்பித்தால்தான் நியாயமாக இருக்கும்.

என் வேலை குவாட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி கொடுப்பது. பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று மூன்று விநாடிக்குள் முடிவெடுப்பவன்தான் குவாட்டர்பேக். எதிராளிகள் ஓடிவந்து அவனைச் சாய்த்துவிடாமல் ஐந்து பேர் அவனுக்கு முன்னால் சுவராக நிற்பார்கள். அந்தச் சுவருக்குப் பயிற்சியாளர் லைல் புரூவிட். என் பக்கத்து வீட்டுக்காரன். வியாழக்கிழமை தோறும் அவன் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. நல்லவன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி வந்தால் எங்கள் தொழிலில் மனைவிமார் எல்லாரும் அட்டைப்பெட்டி தேட ஆரம்பித்துவிடுவார்கள். போன சீசனில் எங்கள் கல்லூரி அணி ஒன்பது போட்டி தோற்றது. தலைமைப் பயிற்சியாளர் ஹாலோரன் தாக்குதல் பிரிவின் தலைவரை அனுப்பிவிட்டு, டெக்ஸஸிலிருந்து லாக்ரிட்ஜ் என்பவரைக் கொண்டுவந்தார். வருகிறவர் தன் ஆட்களைக் கையோடு கூட்டிவருவார், பழையவர்கள் பெட்டி கட்டுவார்கள். அது வழக்கம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் ஒரே ஒரு பழைய ஆளை வைத்துக்கொள்வார்கள். எந்தப் பையன் வீட்டில் என்ன பிரச்சினை, எவன் பரீட்சையில் தேறமாட்டான் என்றெல்லாம் சொல்ல ஒருவன் வேண்டுமே. இங்கே இரண்டு முறை அந்த ஒருவன் நான்தான்.

இங்கே வருவதற்கு முன் பதினேழு வருடத்தில் எட்டு ஊர் மாறினேன். என் மகள் பெய்ஜ் பள்ளி முடிப்பதற்குள் ஆறு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். ஏழாவது ஊரில் என் மனைவி வழக்கம்போலப் பெட்டி கட்டினாள், ஆனால் என்னோடு வரவில்லை. இந்த ஊரில்தான் பதினோரு வருடம் தங்கியிருக்கிறேன். முடிவெட்டுகிறவருக்கு என் தலை தெரியும். இன்னொரு முறை கிளம்ப வேண்டியிருந்தால் செத்துவிடுவேன் என்று தோன்றியது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்தப் பயம் ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை என்னை விடவில்லை.

முதல் கூட்டத்தில் லாக்ரிட்ஜ் டோனட் பெட்டியைத் திறந்து மேஜையில் வைத்தார்.

"லைட் சுவிட்ச் எங்க இருக்குன்னு காட்ட எனக்கு ஒரு ஆளு போதும். நீங்க ரெண்டு பேரு மிச்சம் இருக்கீங்க. வசந்தகாலப் பயிற்சி முடியட்டும், யாருன்னு சொல்றேன். இப்ப சாப்பிடுங்க."

"சுவிட்ச் வெண்டெல்லுக்குத் தெரியும் சார்," என்றான் லைல், என்னைக் காட்டி. "ஆனா பியூஸ் போச்சுன்னா என்னைத்தான் தேடுவீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்ததும் லைல் என் தோளில் தட்டி, "டேய், உனக்கே கிடைக்கட்டும்டா. எனக்காச்சும் கூட வர்றதுக்கு கானி இருக்கா" என்றான். கானி அவன் மனைவி. அதை அவன் அன்பாகத்தான் சொன்னான். எனக்கு அது பல நாள் உறுத்தியது.

இப்போது டெஷே. டெஷே வோமாக், இருபது வயது, மிசிசிப்பிக்காரன். என் கையில் வந்தவர்களிலேயே கெட்டிக்காரன். பயிற்சியில் குவாட்டர்பேக்குக்கு மட்டும் சிவப்புச் சட்டை கொடுப்போம். சிவப்பு என்றால் யாரும் தொடக்கூடாது. எதிராளியாக ஆடும் எங்கள் தற்காப்புப் பையன்கள் அவனை நெருங்கினாலே விசில் ஊதிவிடுவார்கள். மற்றவர்களுக்கு வெள்ளை அல்லது நீலம். வெள்ளை போட்டவனை அடிக்கலாம்.

லைலின் சுவரில் நடுவில் நிற்கிறவன் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போயிருந்தான். அந்த இடத்தில் ஒரு புதிய பையன். சுவர் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று கத்துவது நடுவில் நிற்கிறவனின் வேலை. இவன் ஏப்ரலில் ஒரே வாரத்தில் இரண்டு முறை ஆள் இடதுபக்கம் வரும்போது சுவரை வலதுபக்கம் திருப்பிவிட்டான். இரண்டு முறையும் எதிராளி டெஷேயின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். விசில் ஊதினார்கள், அவ்வளவுதான். சிவப்புச் சட்டை என்பதால் யாருக்கும் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. லாக்ரிட்ஜ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. தப்பு நடக்கிறது, அதன் விலை தெரியவில்லை. ஒரு பயிற்சியாளனுக்கு அதைவிட எரிச்சல் கிடையாது. நீங்கள் எந்தப் பயிற்சியாளரையும் கேட்டுப் பார்க்கலாம்.

அதே வாரம் புதன்கிழமை டெஷே வழுக்கி விழுந்து தலையைத் தரையில் இடித்துக்கொண்டான். உடனே எழுந்துவிட்டான். மறுநாள் வீடியோ அறைக்குக் கறுப்புக் கண்ணாடியோடு வந்தான்.

"என்னடா, ஹாலிவுட்டுக்குக் கிளம்பிட்டியா?"

"ஸ்கிரீன் வெளிச்சம் கண்ணக் குத்துது கோச். நேத்து விழுந்ததுலேர்ந்து மண்டைக்குள்ள மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க. ஓரமா உக்கார வெச்சுருவாங்க. புது கோச் முன்னாடி நான் ஆடியே ஆகணும்."

"சொல்லமாட்டேன்," என்றேன். சொல்லவில்லை. அவன் கேட்டுக்கொண்டதைத்தான் செய்தேன்.

தண்ணீர் கொஞ்சம் கிடைக்குமா? நன்றி.

சனிக்கிழமை பயிற்சிப் போட்டி. பந்து ஒரு முறை கிளம்பி நிற்பதுவரை எங்களுக்கு ஓர் ஆட்டம். தற்காப்புப் பிரிவு என்னென்ன செய்யப்போகிறது என்ற பட்டியல் வெள்ளிக்கிழமையே எங்கள் எல்லார் கைக்கும் வந்துவிடும். பதினான்காவது ஆட்டத்தில் இடதுகோடியிலிருந்து ஓர் ஆள் முழு வேகத்தில் ஓடிவருவான் என்று அதில் இருந்தது. லைலிடமும் அந்தத் தாள் இருந்தது. ஆனால் அதைப் பையன்களுக்குச் சொல்லமாட்டோம். அவர்களாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் சட்டை கொடுக்கும் ஓடெலிடம் போனேன்.

"டெஷேக்கு இன்னைக்கு வெள்ளை."

"வெள்ளையா? அப்ப அவனை அடிக்கலாமா?"

"அவன்தான் ஒரு மாசமா கெஞ்சிக்கிட்டு இருக்கானே."

"உங்க பையன், உங்க இஷ்டம் கோச்," என்று எடுத்துக்கொடுத்தான் ஓடெல்.

டெஷே அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "இப்பத்தான் கோச் என்னை ஒரு ஆம்பளையா மதிச்சிருக்கீங்க" என்றான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு.

இதை யாரும் தடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஹாலோரன் பார்த்தார். லாக்ரிட்ஜின் புதிய முறை என்று நினைத்துக்கொண்டார். லாக்ரிட்ஜும் பார்த்தார். ஹாலோரன் சொல்லியிருப்பார், இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். புது ஆட்கள் வந்த முதல் வசந்தத்தில் எங்கேயும் இப்படித்தான். தெரியாது என்று காட்டிக்கொள்ளக் கூச்சப்பட்டு யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். ஒன்பது வேலை பார்த்தவன் நான். எனக்கு அது தெரியும்.

பதின்மூன்று ஆட்டம் ஒழுங்காக நடந்தது. பதினான்காவதில் நடுவில் நின்ற பையன், நான் எதிர்பார்த்தபடியே, சுவரை வலதுபக்கம் திருப்பினான். டெஷே கண்டுபிடித்துவிட்டான். அவன் கெட்டிக்காரன் என்று சொன்னேனே. சுவரை மாற்றச் சொல்லி இடது கையைத் தூக்கினான். ஆனால் நான் தலையசைக்காமல் எதையும் மாற்றக்கூடாது என்பது என் விதி. அதனால் மைதானத்துக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தான். நீங்கள் நிறுத்திய இடம் அதுதான். கேமரா கோட்டோடு நின்றுவிடுகிறது, வெளியே நிற்கிறவன் அதில் விழமாட்டான்.

நான் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினேன். அப்படியே விட்டுவிடு என்று அர்த்தம். அவன் கையை இறக்கினான்.

விழுவான், மண்ணைத் தட்டிக்கொண்டு எழுவான், யார் வேலையில் ஓட்டை இருக்கிறது என்பதை லாக்ரிட்ஜ் கண்ணால் பார்ப்பார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இதைத்தான் ஏழு மாதமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அடிபட்ட தலையில் இரண்டாவது அடி விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியுமா என்பதையும் நீங்கள் கேட்கத்தான் போகிறீர்கள். ஆகஸ்ட் தோறும் அதைப் பற்றி எங்களுக்கு ஒரு படம் போட்டுக்காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். இங்கே மட்டும் பதினோரு முறை பார்த்திருக்கிறேன். தெரியும், மேடம். கையைக் கவிழ்த்தபோதும் தெரியும்.

இடதுகோடியிலிருந்து வந்தவன் மோதி டெஷே விழுந்ததில் மூளையில் ரத்தக்கசிவு. உயிர் பிழைத்தான்.

எல்லாரும் வீடியோவைப் பார்த்தார்கள். இடதுபக்கம் காலியாக இருந்தது. வெள்ளைச் சட்டையைப் பற்றிக் கேட்டபோது, அவனே விரும்பிக் கேட்டான் என்று பத்துப் பேர் சாட்சி சொன்னார்கள். அது பொய்யில்லை. அடுத்த திங்கட்கிழமை லைல் தானே ராஜினாமா எழுதிக்கொடுத்தான். போகிற அன்றைக்கு என் வீட்டு வாசலுக்கு வந்தான், உள்ளே வரவில்லை.

"நடுவுல நின்ன என் பையன் பண்ணின தப்பு வெண்டெல். நான் ஒழுங்கா சொல்லிக்குடுக்கல. அந்தத் தாய் முகத்துல எப்படிடா முழிப்பேன்? நீயாவது போய்ப் பாத்துக்க."

போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்று மதியமே லாக்ரிட்ஜ் கூப்பிட்டு, என்னை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். லைல் இப்போது டகோட்டாவில் டிராக்டர் டயர் விற்கிறான். கானி கிறிஸ்துமஸ் கார்டு அனுப்புவாள் என்று நினைக்கிறேன்.

இந்தாருங்கள், இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைக்க வேண்டாம். லாக்ரிட்ஜையும் இந்த வாரம் அனுப்பப்போகிறார்கள். ஜனவரியில் புதிய ஆள். லைட் சுவிட்ச் எங்கே என்று காட்ட ஒருவன் வேண்டும் என்று ஹாலோரன் நேற்றே என்னிடம் சொன்னார். நீங்கள் எழுதப்போவதை எழுதுங்கள். நான் கேட்பது ஒன்றுதான், நான் அந்தப் பையனைக் கைவிட்டுவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். வாக்குக் கொடுத்தபடி ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு போகிறேன். அவன் அம்மா லோரெட்டா மிசிசிப்பியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அவன் இருக்கும் மறுவாழ்வு இல்லத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்திருக்கிறாள். எனக்குக் காபி போட்டுக் கொடுப்பாள்.

"நீங்க ஒருத்தர்தான் விடாம வர்றீங்க கோச்," என்பாள். "அந்த லைல் ஒரு தடவகூட எட்டிப் பாக்கல."

"அவனுக்கு மனசு தாங்கல," என்பேன்.

பழகிய விஷயங்களைக் காட்டினால் நல்லது என்று அங்கே இருக்கும் தெரபிஸ்ட் சொன்னார். அதனால் வீடியோவைக் கொண்டுபோய்க் காட்டுகிறேன். வேறு ஆட்டங்களைக் காட்டினால் அவன் கண் அசைவதில்லை. டெஷேக்குப் பேச்சு இல்லை, பெற்ற தாயை அடையாளம் தெரியவில்லை. ஆனால் பதினான்காவது ஆட்டம் ஓடும்போது, பந்து கிளம்புவதற்கு ஒரு விநாடி முன்னால், அவன் இடது கை மெதுவாக எழும்பும். பிறகு முகத்தைத் திருப்பி என்னைப் பார்ப்பான். பார்த்துக்கொண்டே இருப்பான்.

"பாருங்க கோச், பாருங்க," என்பாள் லோரெட்டா. "உங்களத்தான் என்னமோ கேக்கறான்."

நான் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டுவேன். உடனே கையை இறக்கிவிடுவான். இதுவரை ஒரு தடவைகூட மீறியதில்லை, மேடம். அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.